மகாராணியின் இடது தோள்

“நிகழும் வைகாசி மாதம்” என்று தொடங்குகிறது அந்த நோட்டீஸ். அடுத்து தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை. பிறகு “செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணியளவில், நமது அம்மன் திருவிழாவை முன்னிட்டு” என்று தொடர்கிறது. ரோஜா நிறக் காகிதம், மடித்த இடங்களில் வெளுத்துவிட்டது. வருடம் அச்சிட்டிருந்த மூலையும் இல்லை. பூச்சிக்கு எழுத்து வேண்டாம், எண்கள்தான் வேண்டும் போலிருக்கிறது. நாடகப் பாத்திரங்களின் வரிசை மட்டும் முழுதாக இருக்கிறது. மகாராஜா, மந்திரி, இளவரசன், சேனாதிபதி எல்லோருக்கும் நேரே ஆள் பெயர் உண்டு. மகாராணிக்கு நேரே வெறும் புள்ளிகள். நோட்டீஸ் அச்சுக்குப் போன நாளில் மகாராணி யார் என்று முடிவாகியிருக்கவில்லை.

அந்தப் புள்ளிகள் என் அப்பாவைப் பற்றியவை.

வருடத்தை வேறு வழியில்தான் நிறுவ வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ முடித்த கோடை அது. பெரிய வெள்ளிக்கிழமை முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்பே வந்துவிட்ட வருடம். பழைய நாள்காட்டிகளைப் புரட்டியதில் அடுத்தடுத்த இரண்டு வருடங்கள் பொருந்துகின்றன. எது என்று தீர்மானிக்க ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே அந்த வருடம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவில் பாலாற்றங்கரையில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வேறு வேறு உலகங்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. அப்பா வேலை பார்த்த, தோல் பதனிடும் டேனரி பாய் ஒருவருடையது. அதற்கு வெள்ளிக்கிழமை லீவு. அம்மா வேலை பார்த்த ஷூ கம்பெனி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வது. அதற்கு ஞாயிறு லீவு. அம்மா விடியும்போது பஸ் பிடித்துப் போய் விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்புவாள். அப்பா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சைக்கிளில் போனால் நான் தூங்கிய பிறகுதான் வருவார். ஞாயிறு காலையில் அம்மா வாரத் துணியெல்லாம் எடுத்துக்கொண்டு துவைக்கப் போய்விடுவாள், அவள் திரும்பும் முன் அப்பா கிளம்பியிருப்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒன்றுதான் இருவரும் வீட்டில் விழித்துக்கொண்டு இருக்கும் நேரம். ஒருவர் சமைத்ததை மற்றவர் தனியாகச் சாப்பிட்டார். நம்மில் பல வீடுகளில் இப்படித்தான் இருந்தது. இதைக் குறையாக அப்போது யாரும் சொன்னதில்லை.

அப்பா வருடத்துக்கு ஒரு முறை மகாராணி ஆவார். எங்கள் ஊர் நாடகத்தில் பெண் வேடமும் ஆண்களே கட்டினார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேடம் அவருடையது. டேனரியில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஈரத் தோலைத் தோளில் சுமந்து டிரம்மிலிருந்து இறக்கி அடுக்கும் வேலை. அங்கே அவரை மேஸ்திரி பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடமாட்டார், “டேய்” என்றுதான். “தோல தூக்கிக்கினு நடக்கற நேரம் பூரா அந்த வசனத்தத்தான் சொல்லிக்கினு இருக்காராம். கூட வேல செய்ற ஆளு பொண்டாட்டி சொன்னா” என்று அம்மா ஒருமுறை சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள்.

முந்தின வருடத் திருவிழாவில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். மகாராணி தன் ஒரே மகனைப் போருக்கு அனுப்பும் காட்சி. “மகனே, வாளை எடு. வாசலைத் திரும்பிப் பார்க்காதே” என்று சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் உயர்த்தி ஆசீர்வதிக்க வேண்டும். ஊரே அழும் இடம். அப்பா கைகளை உயர்த்தினார். வாடகைக்கு எடுத்த வெல்வெட் ஜாக்கெட் இடது தோளிலிருந்து வழுக்கி முழங்கை வரை வந்து, உள்ளே பனியன் தெரிந்தது. “ராணிக்கு வேர்க்குதுபா, யாராச்சும் விசிறி வுடுங்க” என்று கூட்டத்தில் ஒரு குரல். ஊர் முழுக்கச் சிரித்தது. அப்பா ஜாக்கெட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு மிச்ச வசனத்தைச் சொல்லி முடித்தார். அதற்கும் முந்தின வருடமும் இதே தோள்தான் இறங்கியது என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

நாடக வாத்தியார் பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆர்மோனியமும் அவரே, கதை சொல்லிக் கொடுப்பதும் அவரே. டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

“தப்பா எடுத்துக்காதப்பா. அழவேண்டிய எடத்துல ஜனம் சிரிச்சிட்டா அப்புறம் நாடகம் இன்னாத்துக்கு? ஆரணில ஒரு பொண்ணு இருக்குது. நல்லா பாடுது. வரச் சொல்லட்டா?”

“அது வாடக ஜாக்கெட்டு வாத்தியாரே. எவனுக்கோ தச்சது.”

“ஜாக்கெட்டு மட்டும் இல்லப்பா. நீ ஒரு சைடா நிக்கற. ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசறான்.”

“இன்னா பேசறான்?”

வாத்தியார் டம்ளரைக் கீழே வைத்தார். “சரி வுடு. உன் ஒடம்புக்குன்னே ஒண்ணு தச்சிக்கினு வா. வைகாசிக்கு முன்னாடி ஒத்திகைல போட்டுக் காட்டு. கைய தூக்கறப்ப நின்னுதுன்னா நீதான் ராணி. நிக்கலன்னா ஆரணிக்கு ஆள் அனுப்பிடுவேன்.”

அவர் போன பிறகு அப்பா வெகுநேரம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, அடுத்த தெருவில் இருந்தாள். அவளுக்கு இந்தச் செய்தி வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. “விட்டுதடா சனி. ஆம்பள பொம்பள வேஷம் கட்றது எந்தப் பொண்டாட்டிக்குத்தான் புடிக்கும்? உள்ளுக்குள்ள அவளுக்கு சந்தோஷமாத்தான் இருக்கும்” என்றாள். அம்மா கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அத்தை சொன்னதே உண்மை என்று எல்லோரும் வைத்துக்கொண்டோம், அப்பாவும்கூட.

அந்த வாரமே அம்மா கம்பெனியிலிருந்து பழுப்புக் காகித டேப் கொண்டுவந்தாள். அட்டைப் பெட்டி ஒட்டுகிற டேப். ஒரு பக்கம் பசை தடவி உலர்த்தியிருக்கும், தண்ணீர் தொட்டால் பிடித்துக்கொள்ளும். ரோல் தீரும்போது அடியில் மிஞ்சுகிற துண்டுகளைப் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் தந்தாராம். அம்மா பேட்டர்ன் செக்‌ஷனில் ஹெல்பர். ஷூ தைக்கும் முன்பு, கால் வடிவத்தில் ஒரு கட்டை இருக்குமே, அதன்மேல் டேப்பை ஒட்டி, கோடு போட்டு, உரித்து எடுத்து, தட்டையாக்கி, அதைப் பார்த்து அட்டையில் பேட்டர்ன் வெட்டுவார்கள். அம்மா அதைத் தினமும் பக்கத்தில் நின்று பார்த்தவள். ‘காலுக்குச் செய்வதை உடம்புக்குச் செய்தால் என்ன’ என்பது அவளுடைய யோசனை. அப்பாவைப் போலவே ஓர் உடம்பு செய்து வைத்துக்கொண்டால், அப்பா டேனரியில் இருக்கும்போதும் அவருக்கு அளவு வைத்துத் தைக்கலாம். தையற்காரர்கள் உலகத்தின் பல மூலைகளில் இப்படிச் செய்கிறார்கள் என்று பின்னாளில் நிறையப் படித்தேன். அம்மா படித்துச் செய்யவில்லை. அவளுக்குப் புருஷன் வீட்டில் இல்லாத நேரம்தான் தைக்கிற நேரம்.

ஒட்டிய டேப் உடம்பிலேயே காய வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். பகலில் இருவரும் சேர்ந்து வீட்டில் இருக்கும் நாள் வேண்டும். பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. டேனரிக்கு எப்போதும் போல வெள்ளிக்கிழமை லீவு. ஷூ கம்பெனியில் கிறிஸ்தவப் பெண்கள் நிறைய, அதனால் அன்று அங்கேயும் லீவு.

பழைய பனியனைப் போட்டு அப்பாவை வாசல் நடுவில் நிறுத்தினாள். டேப் துண்டுகளை அலுமினியத் தட்டுத் தண்ணீரில் முக்கி எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்தப் பசையின் வாசனை, வேகவைத்த ஜவ்வரிசிக்கும் குதிரைக்கும் நடுவில் ஏதோ ஒன்று. இன்றும் பழைய அட்டைப் பெட்டி நனைந்தால் எனக்கு அந்த வாசல் வந்துவிடும்.

“கூசுதுமே” என்றார் அப்பா.

“நெளியாத நில்லுய்யா.” அத்தை இல்லாத நேரத்தில் அம்மாவுக்கு அவர் ‘யா’. அத்தை இருந்தால் ‘நீங்க, வாங்க’.

“மூக்கு அரிக்குது.”

“பாப்பா, அப்பாக்கு மூக்க சொறிஞ்சி வுடு.”

நான் முக்காலியில் ஏறிச் சொறிந்துவிட்டேன். அப்பா வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்ததை அம்மா கண்டுபிடித்து, விரலால் ஒரு குத்து குத்தினாள். வயிறு தன் இடத்துக்கு வந்தது. மூவரும் சிரித்தோம். இறந்த அரசர்களைத் துணியால் சுற்றிப் பத்திரப்படுத்தியவர்களைப் பற்றி எங்கே படித்தாலும், அந்தப் பிசின், தைல வாசனைக்கெல்லாம் நடுவில், மூக்கு அரிக்கிறது என்று சொன்ன என் அப்பாதான் நினைவுக்கு வருகிறார். நாங்கள் மூவரும் பட்டப்பகலில் ஒரே இடத்தில் வேறு வேலையில்லாமல் நின்றது, தீபாவளி பொங்கலைத் தள்ளிவிட்டால், எனக்கு நினைவிருக்கும் வரை அதுவே முதல் முறை.

அம்மா செய்த தவறு இங்கேதான். மார்பின் நடுவில் ஒரு கோடு, முதுகின் நடுவில் ஒரு கோடு போட்டாள். வலது பாதிக்கு மட்டும் டேப் ஒட்டினாள். இடது பாதியை விட்டுவிட்டாள். ஷூ கம்பெனியில் எல்லாம் ஒரு காலுக்குத்தான் முதலில் செய்வார்கள். மறுகால் என்பது அதே அட்டையைக் கவிழ்த்து வெட்டுவது. வருடக்கணக்கில் அதைப் பார்த்த கண்ணுக்கு மனுஷ உடம்பும் ஒரு ஜோடிதான். “ரெண்டு பக்கமும் ஒட்டி டேப்ப வீணாக்குவாங்களா?” என்று கேட்டாள். நியாயமாகத்தான் பட்டது.

உரித்ததை அங்கங்கே கீறித் தட்டையாக்கினாள். அட்டையில் ஒரு முறை வரைந்து, கவிழ்த்து இன்னொரு முறை வரைந்து, வெட்டி, ஒட்டி, மேலே மறுபடியும் டேப் சுற்றினாள். உள்ளே அடைக்க அப்பா டேனரியிலிருந்து ஒரு சாக்கு தோல் சீவல் கொண்டுவந்தார். இளநீலமாக, மரத்தூள் போல இருக்கும். பெயின்ட் டின்னில் சிமென்ட் கொட்டி ஒரு மூங்கிலை நட்டு, அதன்மேல் இந்த உடம்பைச் செருகி, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். தலையில்லை, கையில்லை. ஆனால் சீவலின் வாசனையால் அப்பா வேலையிலிருந்து வந்து நிற்பது போலவே இருந்தது.

ஒருநாள் இருட்டுகிற நேரத்தில் அத்தை உள்ளே வந்தவள், நேராக அதனிடம் போய், “ஏன்டா, கூழ் ஊத்தறதுக்கு கேவுரு கேட்டாங்களே, குடுத்தியா இல்லியா?” என்று ஆரம்பித்துவிட்டாள். பதில் வராததால் கோபம் வந்து, அவனுடைய சோம்பேறித்தனம், பெண்டாட்டிக்குப் பயப்படுவது, எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தாள். நான் விளக்கைப் போட்டேன். அத்தை அதன் தலையில்லாத கழுத்தைப் பார்த்தாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, “ஏன்டி, ஒரு புருஷன் பத்தலன்னு இன்னொருத்தன செஞ்சி வச்சிக்கினியா?” என்றாள்.

“இவரு எதுத்துப் பேச மாட்டாரு அண்ணி” என்றாள் அம்மா.

அந்த நாட்களில் அம்மா சாயங்காலம் முழுக்க அந்த உடம்போடுதான் இருந்தாள். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வருவாள். ஆழ்ந்த சிவப்பில் வெல்வெட். லேடீஸ் செருப்புக்கு வெட்டி மிஞ்சிய தங்க நிறத் தோல் துண்டுகளை இலை இலையாக நறுக்கி, கழுத்தைச் சுற்றிப் பதித்தாள். எந்த நாடகக் கம்பெனியிலும் அப்படி ஒரு ஜாக்கெட் நான் பார்த்ததில்லை. அது இப்போது எங்கேயும் இல்லை.

சித்திரை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா அதைப் போட்டுப் பார்த்தார். அட்டை உடம்பில் அளவெடுத்தது போல நின்ற ஜாக்கெட், அப்பாமேல் ஏறியதும் இடது பக்கம் தொங்கியது. கையைத் தூக்கச் சொன்னாள். தூக்கினார். வழுக்கியது. போன வருடம் போலவே.

“நேரா நில்லுய்யா.”

“நேராத்தான் நிக்கிறேன்.”

“வெளையாடாத. நேரா நில்லு.”

“நேராத்தான்மே நிக்கிறேன்.”

அம்மா அவருடைய இடது தோளின் அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். இரண்டு தோளும் சமமாயின. கையை எடுத்தாள். தோள் தன் இடத்துக்கு இறங்கியது. மறுபடியும் தூக்கினாள். மறுபடியும் இறங்கியது. அதற்குப் பிறகு அவள் ‘நேராக நில்’ என்று அவரிடம் சொல்லி நான் கேட்டதில்லை. அதுவரை ஒரு நாளைக்கு ஒரு முறையாவது சொல்வாள்.

அப்பா சாய்ந்து நிற்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். சாராயம் என்பது பெரும்பாலோர் கருத்து. அவர் குடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் சாய்ந்து நிற்கும் ஆளைப் பற்றி அப்படி முடிவு செய்வது சுலபம். பொம்பளை வேஷம் கட்டிக் கட்டி ஒடம்பு ஒசிஞ்சிபோச்சி என்பது அத்தையின் கட்சி. சோம்பேறித்தனம் என்பது அம்மாவின் எண்ணமாக இருந்தது. அப்பாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முகம் பார்க்கும் அளவுக்குத்தான் எங்கள் வீட்டில் கண்ணாடி.

அடுத்த வாரம் அம்மா வீட்டுக்கு வந்து பையை மாட்டிவிட்டு, பொதுவாகச் சொல்வது போல என்னிடம் சொன்னாள்: “இன்னிக்கி ரெண்டு பஸ்ஸ வுட்டுட்டு நின்னு பாத்தேன் பாப்பா. டேனரி ஆளுங்க ஷிப்ட் வுட்டு வராங்க இல்ல. தோல் தூக்கறவங்க எல்லாருக்கும் எடது பக்கம் எறங்கித்தான் இருக்குது. வலது கைல புடிச்சிக்கினு எடது தோள்ல சொமக்கறாங்க.”

நானும் அதன் பிறகு பார்த்தேன். நம்மில் எத்தனை பேர் தினமும் அந்த ஆட்களுக்கு நடுவில் பள்ளிக்கூடம் போனோம். யாருக்காவது தெரிந்திருந்ததா?

இருவருக்கும் சேர்ந்து லீவு வருகிற அடுத்த நாள் மே தினம். மறுபடியும் பனியன், அலுமினியத் தட்டு, ஜவ்வரிசி வாசனை. இந்த முறை இரண்டு பக்கமும், ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று சுற்று. “வசனத்த சொல்லு. நெஞ்சு எவ்ளோ வாங்குதுன்னு தெரியணும்” என்றாள். அப்பா பாதி கட்டிய உடம்போடு, கைகளை அகட்டி வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, மகனைப் போருக்கு அனுப்பினார். அம்மா ஒவ்வொரு வரிக்கும் ஒரு டேப் வைத்தாள். “வாசலைத் திரும்பிப் பார்க்காதே” என்ற இடத்தில் அவளுடைய உதடும் அசைந்தது. அந்த வசனம் முழுவதும் அவளுக்கும் மனப்பாடம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

காய்ந்த பிறகு முதுகில் வெட்டி, ஓட்டோடு எடுத்து, சீவல் அடைத்து, இன்னொரு மூங்கிலில் நிறுத்தினாள். இப்போது மிஷினுக்குப் பக்கத்தில் இரண்டு அப்பாக்கள். ஒருவர் நேராக நின்றார். இன்னொருவர் இடது தோளில் யாரோ கையை வைத்து அழுத்துவது போல நின்றார்.

அப்பா இரண்டையும் சுற்றி வந்து பார்த்தார். நேராக நின்றதைக் காட்டி, “இவன் யாரு? என் அண்ணன் மாதிரி இருக்கான்” என்றார்.

“நீதான்யா.”

“நானா?”

“கல்யாணத்தப்ப நீ இப்டித்தான் இருந்தே” என்றாள் அம்மா.

அப்பா கிட்டே போய் அதன் இடது தோளில் உள்ளங்கையை வைத்தார். பிறகு அதே கையைத் தன் தோளில் வைத்துப் பார்த்தார். “ஒசரமா இருந்திருக்கேன்” என்றார்.

அதற்குப் பிறகு அம்மா தைத்த விதத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சாய்ந்த உடம்புக்கு ஜாக்கெட்டைப் போடுவாள். ஷூ நாக்குக்குள் வைக்கிற மெல்லிய ஸ்பாஞ்சை இடது தோளுக்கு உள்ளே ஒரு அடுக்கு வைப்பாள். தள்ளி நின்று நேரான உடம்போடு ஒப்பிடுவாள். இன்னும் ஒரு அடுக்கு. தோளில் தொடங்கி விலாப்பக்கம் வரை படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்து, ரப்பர் சொல்யூஷன் தடவி ஒட்டி, மேலே துணி வைத்துத் தைத்தாள். ஒரு சாயங்காலம் இரண்டு உடம்பும் ஒரே உயரத்தில் நின்றன. ஜாக்கெட் இருந்ததால்தான் எது எது என்று எனக்குத் தெரிந்தது.

ஒத்திகை மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்த பிறகு, பள்ளிக்கூட மைதானத்தில். அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். ஒத்திகைக்குப் பெண்கள் போகும் வழக்கமில்லை. அம்மாவும் நானும் சுற்றுச்சுவருக்கு வெளியே, கைப்பம்பில் தண்ணீர் அடிக்க வந்தவர்கள் போலக் குடத்தை வைத்துக்கொண்டு நின்றோம்.

வாத்தியார் ஆர்மோனியத்தை நிறுத்தினார். “அந்த எடத்துக்கு வாப்பா” என்றார்.

அப்பா வேட்டிக்கு மேலே மகாராணியின் ஜாக்கெட்டோடு, முகத்தில் பூச்சு எதுவும் இல்லாமல், மீசையோடு நின்றார். இளவரசன் வேடம் கட்டும் ஆள் பீடியை அணைத்துவிட்டு வந்து காலில் விழுந்தார். அப்பா வசனத்தைச் சொன்னார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். மைதானத்தைப் பார்க்கவில்லை; பம்பின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “தூக்கிட்டாரா?” என்று கேட்டாள்.

தூக்கிவிட்டார். ஜாக்கெட் நின்றது.

“இன்னொரு தபா” என்றார் வாத்தியார்.

அப்பா மறுபடியும் தூக்கினார்.

“இன்னும் மேல. சாமிய கும்புடற மாதிரி.”

கைகள் தலைக்கு மேலே போயின. தங்கத் தோல் இலைகள் சாய்ந்த வெயிலில் மின்னின. இரண்டு தோள்களும் ஒரே கோட்டில் இருந்தன. வாத்தியார் எழுந்து வந்து அவரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். “இன்னாப்பா, தோள வீட்டுல கழட்டி மாத்திக்கினு வந்தியா?” என்றார். பிறகு யாரையோ பார்த்து, “ஆரணிக்குப் போவத் தேவல” என்றார்.

அம்மா என் மணிக்கட்டை விட்டாள். குடத்தை எடுத்து, நிஜமாகவே தண்ணீர் அடிக்கத் தொடங்கினாள்.

நாடகம் நடந்த இரவைப் பற்றி என்னிடம் சாட்சியம் இல்லை. அந்தக் காட்சி வரும் முன்பே தூங்கிவிட்டேன். அழுதார்கள் என்று அத்தை சொன்னாள். தானும் அழுததாகச் சொல்லவில்லை; ஆனால் அடுத்த நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, சாய்ந்து நின்ற உடம்பின்மேல் படிந்த தூசியைத் தன் முந்தானையால் தட்டிவிட்டுப் போனாள்.

நான் சாட்சி சொல்லக்கூடியது ஒத்திகை முடிந்து வீடு திரும்பியது. அப்பா ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. மேலே சட்டையைப் போட்டுக்கொண்டார். நான் முன்னால் பாரில், அம்மா பின்னால் கேரியரில், அவள் மடியில் தண்ணீர்க் குடம். எங்கள் இருவரையும் குடத்தையும் வைத்துக்கொண்டு அப்பா மண்பாதையில் நிமிர்ந்து உட்கார்ந்து மிதித்தார். எதிரே வந்த டேனரி ஆள் ஒருவர் சைக்கிளிலிருந்து இறங்கி நின்று பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா கொக்கிகளைக் கழற்றப் போனாள். “இருக்கட்டும்மே, இன்னும் கொஞ்ச நேரம்” என்றார். சாப்பிடும்போதும் அதைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். என் பெற்றோர் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட அந்தச் சாயங்காலத்துக்கு ஈடாக எதையும் கொடுப்பேன். கேட்பவர்தான் இல்லை.

இன்னும் சில வருடங்கள் அப்பா மகாராணியாக இருந்தார். ஒவ்வொரு வருடமும் அம்மா ஓர் அடுக்கு ஸ்பாஞ்சு கூட்டினாள். சாய்ந்த உடம்பை வருடா வருடம் கீறி, தோளைத் தட்டி இறக்கி, மறுபடியும் ஒட்டினாள். நேரான உடம்பைத் தொடவில்லை. வீட்டை இடித்துக் கட்டியபோது இரண்டும் மழையில் நனைந்து, உள்ளிருந்த சீவல் ஊறி, ஒன்றுக்கும் உதவாமல் போயின. அப்பா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. அம்மா போன வருடம் போனாள்.

அவள் பெட்டியில் கல்யாணப் போட்டோ இருந்தது. வேலூரில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா அவருக்கு இடப்பக்கம் நிற்கிறாள். அவர் கழுத்தில் கனமான மாலை. அதற்கு மேல் அம்மாவின் புடவை மறைப்பதால் அவருடைய இடது தோள் தெரியவில்லை. மீசை முளைக்கும் முன்பே அவர் தோல் சுமக்கப் போய்விட்டார் என்கிறாள் அத்தை. அப்படியானால் கல்யாணத்தின்போதே தோள் இறங்கியிருக்க வேண்டும். ‘ஆரம்பத்தில் தோலுக்கு உப்புப் போடும் வேலைதான் பார்த்தேன், சுமக்கப் போனது நீ பிறந்த பிறகு’ என்று அப்பா ஒருமுறை என்னிடம் சொன்னதாகவும் ஞாபகம். அத்தைக்கு இப்போது ஞாபகம் சரியில்லை. கேட்கும்போதெல்லாம் வேறு வேறு வயது சொல்கிறாள். டேனரியை மூடி இடித்துவிட்டார்கள். கேட்க வேறு ஆள் இல்லை.

வலது பாதியைக் கவிழ்த்துச் செய்த அந்த நேரான மனிதரை அம்மா உண்மையில் எப்போதாவது பார்த்திருந்தாளா, அல்லது அவருக்காக அன்றைக்கு அப்படிச் சொன்னாளா என்பதை என்னால் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.